அம்பத்தூர் இலைகள் சொல்லும் சேதி



1964-இல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைதான் நம்மில் பலருக்குச் சோறு போடுகிறது. அதன் புகையையும் நாம்தானே சுவாசிக்கிறோம்? காற்றைச் சோதிக்கும் கருவிக்கு லட்சக்கணக்கில் செலவாகும். சாலையோர மரம் காசு கேட்காமலே கொஞ்சம் சொல்லிவிடும்.

கந்தக டை-ஆக்சைடு பட்டால் இலை நரம்புகளுக்கு இடையில் வெளுக்கும். ஃப்ளூரைடு என்றால் நுனியும் ஓரமும் கருகும். 1983-இல் சிங், ராவ் என்ற இருவர் ஒரு கணக்கே தந்தார்கள்: இலையின் வைட்டமின் 'சி', பச்சையம், சாற்றின் பி.எச்., நீர்ச்சத்து. நான்கையும் சேர்த்தால் மரத்தின் தாங்குதிறன் எண் கிடைக்கும். எண் குறைந்த மரம் நமக்கு எச்சரிக்கை மணி. கூடிய மரம் தொழிற்சாலை மதிலோரம் நடத் தகுந்தது.

ஆனால் பூச்சியும் தண்ணீர்ப் பஞ்சமும்கூட இலையைக் கருக்கும். ஆகவே ஒரே பருவத்தில், ஒரே வகை மரத்தை, சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி தாண்டி ஒரு கிராமத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்ம கெமிஸ்ட்ரி லேப் இதற்குப் போதும். வருஷா வருஷம் எழுதி வையுங்கள். பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் தைரியமாகப் பேசலாம். கெமிக்கல் செலவை எங்கள் பேட்ச் ஏற்கிறது.