வாய் திறவாமலே வெளிப்படும் இரகசியம்

(மைசூரில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, இந்நகரின் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். அத்தீர்ப்பின் பயன், பத்திரிகையாளரை நம்பிச் செய்தி தரும் எளியவரைச் சென்றடைந்ததா?

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்த உரிம விதி, 2021 டிசம்பரில் ஈராண்டாகத் திருத்தப்பட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் காக்க வேண்டும் என்று, ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது.

அழைப்புப் பதிவில் பேசிய பொருள் இராது. யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுர எல்லையிலிருந்து அழைத்தார் என்பது இருக்கும். அதுவே போதும். ஆலை விபத்து மூடிமறைக்கப்பட்டதை ஒரு தொழிலாளி நிருபரிடம் கூறுகிறார் என்று கொள்க. செய்தி வெளியானபின் நிருபரின் பதிவைப் புரட்டினால் தொழிலாளி அகப்படுவார். நிருபர் வாய் திறக்கவே தேவையில்லை. வேலை இழப்பவர் ஒருவர். அச்சத்தால் வாய்மூடுவோர் ஆலை முழுவதும்.

2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் பத்திரிகையாளர்களின் கைப்பேசிகளைத் தில்லிக் காவல்துறை பறித்துச் சென்றதை நாடே அறிந்தது. பதிவுகள் திறக்கப்படுவதோ ஓசையின்றி நிகழ்வது.

வழக்குரைஞர் தம் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. பத்திரிகையாளருக்கு அவ்வுரிமை இல்லை. 1978ஆம் ஆண்டின் பத்திரிகை கவுன்சில் சட்டம் தரும் பாதுகாப்பு, அக்கவுன்சிலின் விசாரணையோடு நின்றுவிடுகிறது. இக்குறையைக் களையச் சட்ட ஆணையம் 1983இல் தன் 93ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023இல் சாட்சியச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டபோதும் அது இடம்பெறவில்லை.

குற்றவாளிகளைப் பிடிக்கப் பதிவுகள் வேண்டாமா என்று ஆட்சியாளர்கள் வினவுவர். வேண்டும், ஆனால் குடிமக்கள் அனைவரையும் குற்றவாளிகளாகக் கருதியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவுச் சேமிப்பு விதியை அதன் நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று செல்லாதெனத் தள்ளியது. தொழில்முறை இரகசியம் காப்போர்க்கும் அதில் விலக்கில்லை என்பது எடுத்துரைக்கப்பட்ட குறைகளுள் ஒன்று.

ஆகவே கோரிக்கைகள் மூன்று: பத்திரிகையாளரின் பதிவுகளை நீதிபதியின் முன்னனுமதியின்றித் திறக்கலாகாது, திறந்தால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், செய்தி தந்தவரைக் காக்கும் உரிமை, நிருபரின் நாவுக்கு மட்டுமன்றி அவரது பதிவுகளுக்கும் பொருந்தச் சட்டமாக வேண்டும். இவை பத்திரிகையாளர் சங்கங்களின் கோரிக்கைகளாக மட்டும் நின்றுவிடலாகாது. உண்மையைச் சொல்லத் துணியும் தொழிலாளியைக் காப்பதால், இவை தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளுமாகும்.