பணி என்றொரு சொல்



'பணி' என்ற சொல்லுக்குத் தொழில் என்றும் பொருள்; வணங்கு, தாழ்ந்து நில் என்றும் பொருள். இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஏறக்குறைய இருபது வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். அவ்விரண்டு பொருளும் ஒன்றாகி நின்ற ஒரு சின்னப் பாடசாலையைப் பற்றி வாசித்தபோதுதான், நான் எழுதிப்போட்டது எனக்கே விளங்கிற்று.

அமெரிக்காவில், வட கரோலைனா மாநிலத்து மலைப்பகுதியிலே, செலோ என்றோர் இடம். 1937 இல் அங்கே ஒரு கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பை நிறுவியவர் ஆதர் மோர்கன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே பொறியியலாளரானவர். வெள்ளத் தடுப்பு அணைகள் கட்டியவர். 1948 இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவில் அங்கம் வகித்து, கிராமங்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று வாதாடியவரும் இவரே. இவருடைய மகன் எர்னெஸ்ற்றும் மருமகள் எலிசபெத்தும் 1962 இல் செலோவிலே தொடங்கிய பாடசாலை இவர் பெயரையே தாங்கியது. மொண்டிசோரி அம்மையாரின் சிந்தனையும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் அதற்கு உரமாயின.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது வரையான பிள்ளைகள். முப்பதுக்கும் குறைந்த தொகை. விறகு பிளப்பது, சமைப்பது, கோப்பை கழுவுவது, தோட்டம் கொத்துவது, கட்டடம் திருத்துவது எல்லாம் அவர்கள் வேலை. ஆசிரியரும் கூடவே நிற்பார். பெயர் சொல்லித்தான் ஆசிரியரை அழைப்பார்கள். நமக்கு இது நெஞ்சை உறுத்தும். எனக்கும் உறுத்தத்தான் செய்தது.

இந்தப் பழக்கங்களின் வேர் குவேக்கர் நெறியிலே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர் குவேக்கர்கள். ஒவ்வொரு மனிதரிடத்தும் இறைவனின் ஒளி உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே பட்டப்பெயர் இல்லை, உயர்வு தாழ்வு இல்லை. அவர்களுடைய பழைய வழிபாட்டு முறையிலே குருவானவரும் இல்லை. எல்லோரும் மௌனமாகக் கூடியிருப்பார்கள். மௌனத்தாலே உபதேசித்த தட்சணாமூர்த்தியை வணங்குகிற நமக்கு இது புதினமாகத் தோன்ற நியாயமில்லை.

கூட்டங்களிலும் அப்படியே. பாடசாலைக் காரியங்களைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒன்றாயிருந்து பேசுவார்கள். கையுயர்த்தி வாக்கெடுப்பதில்லை. பத்துப்பேர் ஒரு பக்கம் நின்று ஒருத்தி மட்டும் 'இது எனக்குச் சரியாகப் படவில்லை' என்றால், அவளைத் தோற்கடித்துவிட்டு அப்பால் போக முடியாது. பொறுத்திருக்கவேண்டும், திரும்பவும் கேட்கவேண்டும், சில நேரம் சும்மா இருக்கவேண்டும். விறகு பிளப்பதைக் காட்டிலும் இதுதான் கடினமான வேலை என்பேன். ஆசிரியருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை என் மனைவியிடம் கேட்டால் சொல்லுவாள்.

முப்பது பிள்ளைகளுக்கு இது சரி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் கல்லூரிக்கு எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலை. நமக்கோ பாடத்திட்டமும் சாதாரண தரப் பரீட்சையும் கழுத்திலே கிடக்கின்றன. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் தரத்துப் பையன் ஒருவன் அடிக்கடி பிந்தி வந்தான். காரணம் கேளாமலே, மைதானத்திலே புல்லுச் செருக்கும்படி தண்டனை கொடுத்தேன். ஒரு கிழமை செய்தான். எட்டாம் நாள் தகப்பனார் வந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். காலிலே மண் காயவில்லை. கோபமில்லாமல்தான் கேட்டார்:

"மாஸ்ரர், விடியவெள்ளன என்னோட நிண்டு வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டுத்தான் பொடியன் பள்ளிக்கூடம் வாறான். பிந்தினதுக்கு நீங்கள் அடிச்சாலும் பரவாயில்லை. புல்லுச் செருக்கிறது தண்டனையெண்டால், நான் ஒவ்வொரு நாளும் செய்யிறது என்ன?"

என்னிடம் பதிலில்லை. கையிலே உழவாரம் ஏந்திக் கோயில் வீதியெல்லாம் புல்லுச் செருக்கிய நாவுக்கரசரைப் பற்றி அன்று காலைதான் அதே வகுப்பிலே உருகி உருகிப் பேசியிருந்தேன். வழிபாடென்று வாயால் சொன்னதையே தண்டனையாகக் கையிலே கொடுத்திருக்கிறேன். அது என் கண்ணிலே படவேயில்லை.

மறுநாள் பின்னேரம் பாடசாலை விட்ட பிறகு, பையனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு கொத்துக்கூட முடியவில்லை.

"சேர், அப்பிடிப் பிடிச்சால் கை கொப்புளிச்சுப் போம். இஞ்ச தாங்கோ" என்று வாங்கி, பிடியிலே எந்தக் கை முன்னுக்கு, எந்தக் கை பின்னுக்கு என்று காட்டித் தந்தான்.