டாரட் சீட்டுகளும் அவை சுமந்து வந்த கதைகளும்



சீட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "மாதா மாதம் பிடிக்கிற சீட்டோ?" என்று ஓர் அக்கா கேட்டார். இல்லை, டாரட் எனப்படும் படச்சீட்டு. எங்கள் வகுப்பினர் பல நாடுகளில் சிதறியிருந்தாலும், மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூடி வாசித்தவற்றைப் பகிர்ந்துகொள்வோம். அந்த வட்டத்துக்குள் டாரட் ஒரு துயரத்தின் வழியாகவே வந்தது.

அம்மாவை இழந்த சில வாரங்களில், எங்கள் தோழி ஒருத்தி சீட்டுப் பார்ப்பவர் ஒருவரிடம் போயிருக்கிறாள். வந்த சீட்டில் வெள்ளைக் குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு. கீழே 'மரணம்' என்ற எழுத்து. அடுத்தது யாரோ என்ற பயத்தில் அவள் பல இரவுகள் உறங்கவில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவும் அஞ்சினாள். "பயப்படாதே" என்று சொல்லிவிடலாம். அதற்குமுன், அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று தேடினோம்.

டாரட் சோதிடமாகத் தொடங்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் மிலான், பெராரா அரண்மனைகளில் ஆடிய விளையாட்டு அது. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 படச்சீட்டுகள். நாங்கள் 304 ஆடும்போது துரும்பு வெட்டுவதுபோல, அவற்றில் ஒன்றைத் தவிர ஏனையவை மற்றச் சீட்டுகளை வெட்டும். எதிர்காலம் பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1781இல் பிரான்சின் கூர் த ஜெபலின், இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை அன்று வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. சம்போலியோன் அதன் புதிரை அவிழ்த்தது 1822இல்.

படங்களோ அக்கால ஐரோப்பியர் அறிந்த கதைகளிலிருந்து பிறந்தவை. சக்கரச் சீட்டில் இருப்பது உரோமரின் அதிர்ஷ்ட தேவதை போர்த்தூனாவின் சக்கரம். மிலான் சீட்டொன்றில் சிங்கத்தின்மேல் தடியோங்கும் ஆணைக் கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் என்பர். மரணச் சீட்டு, கொள்ளைநோய் கண்ட ஐரோப்பாவின் 'மரண நடன' ஓவியங்களுக்கு உறவு. அரசனையும் ஆயரையும் குழந்தையையும் மரணம் ஒன்றாகவே அழைத்துப்போவதை அவை காட்டின.

எங்கள் தோழி கண்ட சீட்டை வரைந்தவர் ஒரு பெண் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பமீலா கோல்மன் ஸ்மித் 1878இல் லண்டனில் பிறந்தவர்; சிறுவயதில் சில காலம் ஜமெய்க்காவில் வாழ்ந்தவர். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்களோடு எடுத்துச்சென்ற அனன்சி என்ற தந்திரச் சிலந்தியின் கதைகளைக் கேட்டறிந்து, 1899இல் நூலாக்கினார். லண்டனில் அவற்றைச் சபைகளில் சொல்லியும் காட்டினார். ஆர்தர் எட்வர்ட் வெயிட் கேட்டதன்படி, 1909இல் 78 சீட்டுகளையும் வரைந்தார். பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டுக்கட்டு பதிப்பாளர் ரைடர், வெயிட் ஆகிய இருவரின் பெயராலேயே நெடுங்காலம் அறியப்பட்டது. 1951இல் கடனோடு காலமானார்.

உளவியலாளர் கார்ல் யுங், பல மக்களின் புராணங்களிலும் கனவுகளிலும் திரும்பத் திரும்ப வரும் உருவங்களைத் தொல்படிமங்கள் என்றார்: தாய், ஞானக் கிழவர், தந்திரக்காரன். ஸ்மித்தின் 'பேரரசி' காலடியில் விளைந்த கோதுமை, ஆடையில் மாதுளை. மகளைப் பாதாளத்துக்குப் பறிகொடுத்து உலகையே வாடவைத்த கிரேக்கத் தாய் டெமீட்டரை நாங்கள் அதில் கண்டோம். அங்கே மாதுளை முத்துகளை உண்டதால் மகள் ஆண்டில் ஒரு பகுதிதான் தாயிடம் திரும்ப முடியும். தாயும் மகளும் பிரியும் கதை எங்கள் தோழிக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

பிறகு மரணச் சீட்டை அவளோடு சேர்ந்து மீண்டும் பார்த்தோம். அரசன் விழுந்து கிடக்கிறான். ஆயர் கைகூப்பி நிற்கிறார். ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் குதிரையை நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில் இரு கோபுரங்களுக்கிடையே சூரியன்.

"இதில் நீ யார்?" என்று கேட்டோம்.

"முகத்தைத் திருப்பினவள்" என்றாள். பிறகு, அம்மாவின் கடைசி நாளைப் பற்றி முதல்தடவையாகக் கதைத்தாள். விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாளை நடப்பதை எந்தச் சீட்டும் சொல்லாது என்பதே எங்கள் முடிவு. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பழங்கதை துணைக்கு வரும். அடுத்தமுறை அந்தச் சீட்டுகளைக் கண்டால் மூலையை உற்றுப் பாருங்கள். ஸ்மித் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் பின்னிச் சிறிதாக வரைந்து வைத்திருக்கிறார்.