சில்லின் அழகும் அளவும்

மோட்டார் காருக்குப் புதிய சில்லுகளைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம், அவற்றைப் பூட்டுவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பொறியியல் கற்றவனல்லேன், கலைப் பட்டதாரி. ஆயினும், பாடசாலையை விட்டுச் சென்ற பிள்ளைகள் எங்கே போகின்றார்கள், எப்படிப் போகின்றார்கள் என்ற கவலை ஓர் அதிபரை விட்டு நீங்குவதில்லை. மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்துத் திரும்பும் இளைஞருட் சிலர், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையோடு வாங்குகின்றனர். வாங்கிய மறு வாரமே, அதிலுள்ள சில்லுகளைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அலோய் சில்லுகளைத் தேடுகின்றனர். என் பழைய மாணவர் ஒருவர், "சேர், 17 அங்குலச் சில்லுப் போட்டால் கார் எடுப்பாக இருக்கும், என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "தம்பி, அந்தச் சில்லின் முதுகைப் பார்த்தாயா?" என்றேன். அவர் விழித்தார். முகத்தைப் பார்த்துச் சில்லு வாங்குவோர் பலர். முதுகைப் பார்த்து வாங்குவோர் சிலரே.

அழகான சில்லின்மேல் ஆசை கொள்வது குற்றமாகாது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்துக்குச் செல்வோரின் கண், தேரின் சிகரத்தைக் கண்டபின் நாடுவது அதன் சில்லுகளைத்தானே! ஆங்கிலேயர் காலத்து எம்.ஜி. கார்களின் கம்பிச் சில்லுகளும் அவ்வாறே கண்ணைக் கவர்ந்தன. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் போட்டி 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அக்காலத்துப் பந்தயக் கார்கள் கம்பிச் சில்லைப் பூண்டதற்குக் காரணம் உண்டு. அது பாரம் குறைந்தது. கம்பிகளுக்கிடையே காற்றுப் புகுந்து பிறேக்கைக் குளிர்வித்தது. நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, விரைவில் வேறு சில்லைப் பூட்ட முடிந்தது. பயன் முன்னே சென்றது. அழகு அதன் பின்னே வந்தது.

அலோய் சில்லின் பயனும் இத்தகையதே. அலுமினியக் கலப்பு உலோகத்தால் நன்றாகச் செய்யப்பட்ட சில்லு, உருக்குச் சில்லைவிடப் பாரம் குறைவாக இருக்கலாம். காரின் உடல் வில்லுகளின்மேல் மிதக்கின்றது. சில்லோ வில்லுக்குக் கீழே நின்று, தெருவின் மேடு பள்ளங்களோடு துள்ளுகின்றது. துள்ளும் பொருளின் பாரம் குறைந்தால், வில்லு அதனை எளிதில் அடக்கித் தரையோடு சேர்க்கும். ரயரும் தரையை விடாது பற்றும். ஆனால், அளவிற் பெரியதும் விலையிற் குறைந்ததுமான வார்ப்புச் சில்லு, பல வேளைகளிற் பழைய சில்லைவிடப் பாரமாகவே இருக்கும். ஆதலால் இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பது முதற் புத்தி.

இனி, முதுகைப் பார்ப்போம். ஓர் உதாரணம் இருந்தால் விளங்குவது எளிது. யப்பானிய மஸ்டா நிறுவனம் 1989 இல் வெளியிட்ட எம்.எக்ஸ்.5 என்னும் கார், இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகில் மிகுதியாக விற்பனையான இனம். அதன் முதற் தலைமுறைக்குத் தொழிற்சாலை கொடுத்தது 14 அங்குலச் சில்லும் 185/60 ரயரும். இதற்கு வேறு சில்லுத் தேடுபவர் ஐந்து அளவுகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, போல்ட் வட்டம். இக்காரின் ஒவ்வொரு சில்லுக்கும் நான்கு போல்ட்டுகள்; அவற்றின் நடுப்புள்ளிகளைத் தொட்டு வரையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். 98 மில்லிமீற்றர் வட்டமுடைய சில்லுகளும் உலகில் உண்டு. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று வலிந்து முறுக்கினால் நட்டு ஏறக்கூடும். ஆனால் தன் இருக்கையிற் சரியாக அமராது. ஓட ஓட அது தளரும். அல்லது போல்ட் வளைந்து, களைத்து, முறியும்.

இரண்டாவது, நடுத்துளை. சில்லின் நடுத்துளை, குடத்தின் மேட்டிலே கச்சிதமாக அமர்ந்தாற் சில்லு தானாகவே நடுவில் நிற்கும். இக்காரின் குடமேடு 54.1 மில்லிமீற்றர். பல கார்களுக்கும் பொதுவாகச் செய்து விற்கும் சில்லுகளின் துளை இதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை உரிய வளையம் இட்டு நிரப்பாவிடிற் சில்லு சற்றே விலகி அமர்ந்து, வேகத்தில் ஸ்டியரிங்கை நடுங்கச் செய்யும்.

மூன்றாவது, ஒப்செற் எனப்படுவது. சில்லின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், சில்லு குடத்தோடு ஒட்டும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரமே அது. இக்காருக்கு அது 45 மில்லிமீற்றர். அதே அகலமும் 25 மில்லிமீற்றர் ஒப்செற்றும் உடைய சில்லைப் பூட்டினால், ஒவ்வொரு சில்லும் 20 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். மல்லன் ஒருவன் காலை அகட்டி நிற்பது போன்ற தோற்றம் அதனால் வரும். ஆனால் பெயாரிங்கின்மேல் விழும் நெம்பு கூடும். ஸ்டியரிங்கின் இயல்பு மாறும். பள்ளத்தில் இறங்கும்போது ரயர் மட்காட்டை உரசவும் கூடும்.

நான்காவது, ரயரோடு சேர்ந்த முழு உயரம். ஐந்தாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும். 185/60 என்றால் ரயரின் அகலம் 185 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 111 மில்லிமீற்றர். மேற்சுவரும் கீழ்ச்சுவரும் சேர்ந்து 222; 14 அங்குலச் சில்லு 355.6, கூட்டினால் ஏறக்குறைய 578. இதற்குப் பதிலாக 15 அங்குலச் சில்லில் 195/50 ரயர் இட்டால் 576 வரும், வேறுபாடு அற்பம். 17 அங்குலச் சில்லில் 205/50 ரயர் இட்டாலோ 637 வரும். நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதல். பழைய அளவையே நம்பியிருக்கும் வேகமானி 60 என்று சொல்லும்போது, கார் 66 இல் ஓடும். உயரத்தைக் குறைக்க 205/40 ரயர் இட்டால் 596 வரும். ஆனால் 111 ஆயிருந்த பக்கச்சுவர் 82 ஆகச் சுருங்கிவிடும். அந்தச் சுவருக்குள் அடைபட்ட காற்றே பள்ளத்தின் அடியைத் தாங்கும் மெத்தை. மெத்தை மெலிந்தால், அடி சில்லின் விளிம்பிலே விழும். விளிம்பு நெளியும், அல்லது வெடிக்கும்.

ஐந்தாவது, பாரம். ரயரின் பக்கத்தில் 82 என்றோர் எண் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த ரயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பது அதன் பொருள். சில்லுக்கும் இவ்வாறே பார எல்லை உண்டு. யப்பானில் அந்நாட்டுத் தரவிதிக்கு அமையச் செய்த அலோய் சில்லில் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகள் இருக்கும். தனிச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவு பெற்றதாயின், வி.ஐ.ஏ. என்ற எழுத்துகளும் இருக்கும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது அரசர்களுக்கு. கார் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

இவ்வளவும் அறிந்தபின் நம் ஊரையும் நினைக்க வேண்டும். படுவான்கரை விவசாயி, கைப்பிடி உழவு இயந்திரத்தை வயலில் இறக்கும்போது ரப்பர்ச் சில்லைக் கழற்றிக் கூடு போன்ற இரும்புச் சில்லைப் பூட்டுகின்றார். சேற்றுக்கு ஒரு சில்லு, தெருவுக்கு ஒரு சில்லு என்பது அவருக்கு ஒருவரும் கற்பிக்காத பாடம். மாரி வெள்ளம் வடிந்தபின் நம் கிராமத்துத் தெருக்களிலே தண்ணீர் மூடிய குழிகள் எத்தனை! பந்தயத் தளத்துக்கு ஏற்ற மெல்லிய ரயரை அங்கே கொண்டுபோகலாமா? மேலும், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த எழுவான்கரையிலே உப்புக் காற்று இரவும் பகலும் வேலை செய்கின்றது. உப்பு நீர் பட்ட இடத்தில், உருக்குக் குடத்தோடு ஒட்டியிருக்கும் அலுமினியம் விரைவாக அரிக்கப்பட்டு, சில்லு குடத்தோடு இறுகிப் போகும். வழியில் ரயர் காற்றுப் போனால் எவ்வளவு உதைத்தும் கழராத சில்லைப் பலர் கண்டிருப்பர். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் கழற்றித் துப்புரவு செய்வதே இதற்கு மருந்து.

பூட்டும் முறையும் சொல்லத் தக்கதே. குடத்தின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் நீக்குதல் வேண்டும். நட்டின் அடி, சில்லின் துளை வடிவத்துக்கு ஒத்ததா என்று பார்த்தல் வேண்டும். சில தொழிற்சாலைச் சில்லுகளுக்கு உருண்டையான அடியும், கடையில் வாங்கும் சில்லுகள் பலவற்றுக்குக் கூம்பான அடியும் தேவை. ஒன்றுக்குரிய நட்டை மற்றதற்கு இடுதல் ஆபத்து. நட்டுகளை முதலிற் கையால் ஏற்றி, பின்பு ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் குறுக்கு முறையில் இறுக்க வேண்டும். ஜாக்கை இறக்கியபின் முறுக்கு அளக்கும் ஸ்பானரால், காரின் கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்க வேண்டும். காலால் ஏறி மிதிப்பது அளவாகாது. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் சோதித்தல் கட்டாயம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இலேதான் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டுகளிற் பழைய கார்களும் பழைய சில்லுகளும் கைமாறிக் கைமாறிப் பயன்பட்டன. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலோ வேறிடத்திலோ பழைய சில்லு வாங்குவோர், அதன் உட்புறத்தை வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். ஐயமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஈரக் கோடாய் வெளிப்படும். வெடித்து ஒட்டிய சில்லை, விலை எவ்வளவு மலிவாயினும், அங்கேயே விட்டுவருக.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? 2013 இல் திறந்த கல்லடிப் புதுப் பாலத்திலும், 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்திலும் காரோடு கூடவே வேறு பலரும் செல்கின்றனர். பள்ளிக்குச் சைக்கிளிற் செல்லும் பிள்ளை, மீன்பெட்டி கட்டிய வியாபாரி, மாடுகளை ஓட்டிச் செல்லும் முதியவர் எல்லாரும் அங்கே நடமாடுவோர். ஓடும் காரிலிருந்து கழன்ற சில்லு, தன்னை வாங்கியவர் யார் என்று தேடிப் போவதில்லை. எதிரே வருபவரை நோக்கியே உருளும். உம்முடைய காரின் சில்லு உம்முடைய விருப்பத்துக்கு உரியதாகலாம். அது ஓடும் தெரு எல்லாருக்கும் உரியது.

ஆகையால், இளைஞர்களே, ஆசையை விடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. கடைக்குப் போகுமுன், போல்ட் வட்டம், நடுத்துளை, ஒப்செற், முழு உயரம், பாரம் ஆகிய ஐந்தையும் உங்கள் காரின் கைந்நூலைப் பார்த்து ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். கடையிலே முதலிற் சில்லைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். எண்கள் ஒத்துவந்தபின் நிமிர்த்தி முகத்தைப் பாருங்கள். அப்பொழுது உங்கள் கண்ணுக்கு எது அழகோ அதை வாங்குங்கள்.