காரின் செனான் விளக்கு: மாற்றும் முன் கொஞ்சம் கேளுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசி முடிக்கவே இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. அதனால் எனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டமாட்டேன். ஹெட்லைட் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "சார் எப்போ மெக்கானிக் ஆனீங்க?" என்று ஒருவர் படிக்கட்டில் கேட்டார். ஆகவில்லை. பாங்க்கில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன்தான். ஆனால் ஹெட்லைட் விஷயத்தில் இரண்டு தப்பு செய்தவன். அந்த இரண்டையும் சொல்லத்தான் நேரம் கேட்டு வாங்கினேன்.

போன தை மாதம் ஆம்பூரில் பழைய நண்பர் வீட்டு வலிமா விருந்து. பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். மனைவியின் அக்காவைக் குடியாத்தத்தில் இறக்கிவிட வேண்டும். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டுக் குடியாத்தம் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், வலது பக்க ஹெட்லைட் இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்து போனது. இடது பக்கம் எரிகிறதே, மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் நடுவே தடுப்பு உண்டு. நான் போன இடத்தில் இல்லை. எதிரே ஒரு லாரி. அதன் பின்னால் வந்த வேன், லாரியை முந்துவதற்காக என் பக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த டிரைவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே விளக்கு, அதுவும் ரோட்டின் ஓரமாக. பைக் என்று நினைத்தார். அந்தப் 'பைக்'குக்குப் பக்கத்தில் இருட்டாக இன்னும் நான்கைந்து அடி கார் இருக்கிறது, அந்த இருட்டில்தான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் மண்ணில் இறக்கினேன். வேன் என் பக்கக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது. காருக்குள் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

அப்புறம் மனைவி சொன்னாள்: "என்னங்க, அந்த லைட்டு ரெண்டு மாசமா ரோஸ் கலர்ல எரியுதுன்னு சொன்னேனே."

சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இது முதல் தப்பு.

செனான் விளக்கு என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹாலஜன் பல்புக்குள் ஒரு இழை இருக்கும். மின்சாரம் போனால் அது சூடாகி ஒளி விடும். இழை அறுந்தால் பல்ப் போச்சு. செனான் பல்பில் இழையே கிடையாது. டியூப்லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு முனைகள், நடுவில் செனான் வாயு, கொஞ்சம் உலோக உப்பு. இரண்டு முனைக்கும் நடுவே மின்பொறி பாய்ந்து நின்று எரிகிறது. டியூப்லைட்டுக்குச் சோக்கு மாதிரி இதற்கு 'பாலாஸ்ட்' என்று ஒரு பெட்டி உண்டு.

பாட்டரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு, விளக்கு பற்றும் அந்த நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழுப்புகிறார்கள். பற்றிக்கொண்ட பிறகு 35 வாட்டில் எரியும். ஹாலஜனில் ஹெச்7 என்ற வகைக்கு 55 வாட் வேண்டும், அது தருவது சுமார் 1,500 லூமென் வெளிச்சம். 35 வாட் செனான் தருவது சுமார் 3,200. பாதிக்குச் சற்று மேல் செலவு, இரண்டு மடங்கு வரவு. அதனால்தான் 1991இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் வந்த இந்த விளக்கு மெல்ல மற்ற கார்களுக்கும் பரவியது. நம் ஊரில் ஸ்கோடா சூப்பர்ப் போன்ற பெரிய கார்களில் இருந்தது. 2015இல் வந்த மாருதி எஸ்-கிராஸின் உயர்ந்த மாடலிலும் கொடுத்தார்கள். இப்போது புதுக் கார்களில் எல்.இ.டி. வந்துவிட்டது. ஆனால் நம் பேஸ்மென்ட்டில் செனான் உள்ள பழைய கார்கள் இன்னும் சில நிற்கின்றன. அவற்றின் பல்புகளுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.

செனான் பல்ப் பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் போகும். வெள்ளையாக இருந்தது ரோஸ் அல்லது ஊதா நிறத்துக்கு மாறும். வெளிச்சம் குறையும். மினுக்கும். எரிந்துகொண்டே இருக்கும்போது அணையும், சுவிட்சை அணைத்துப் போட்டால் திரும்ப எரியும். இதில் எதைப் பார்த்தாலும் அந்த வாரமே கவனியுங்கள்.

அணைந்துவிட்டால் உடனே புதுப் பல்ப் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் பல்ப்தான் போய்விட்டது. கோளாறு அதே பக்கத்தில் நின்றால் பாலாஸ்ட், இக்னிட்டர், வயர் இவற்றில் ஏதோ ஒன்று. பாலாஸ்ட் போயிருக்கும்போது பல்ப் வாங்கினால் அது வீண் செலவு.

அடுத்தது பல்பின் குறியீடு. அடிப்பாகத்தில் டி1எஸ், டி2எஸ், டி3எஸ், டி4எஸ் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். டி1, டி3 வகையில் இக்னிட்டர் பல்போடு சேர்ந்தே வரும். டி2, டி4 வகையில் அது தனி. டி1, டி2 பல்புகளுக்குள் பாதரசம் உண்டு, எரியும்போது சுமார் 85 வோல்ட். டி3, டி4 பாதரசம் இல்லாதவை, சுமார் 42 வோல்ட். ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போட முடியாது. கடைசி எழுத்து எஸ் என்றால் லென்ஸ் வைத்த புரொஜெக்டர் விளக்குக்கு, ஆர் என்றால் கண்ணாடிக் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர் விளக்குக்கு. செக்கில் ஒரு எழுத்து மாறினால் நாங்கள் திருப்பி அனுப்புவோம் இல்லையா, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

இரண்டு பல்பையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே வயசு. ஒன்று போனால் அடுத்தது வரிசையில் நிற்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் ரோஸுமாகத்தான் எரியும்.

இனி மாற்றும் வேலை. சில கார்களில் பானெட்டைத் திறந்தால் கை எட்டும். சிலவற்றில் பம்பரையே கழற்ற வேண்டும். கார் புத்தகத்தில் "மெக்கானிக்கிடம் கொடுங்கள்" என்று போட்டிருந்தால் கொடுத்துவிடுங்கள், வீரம் வேண்டாம். நீங்களே செய்வதானாலும், எதிரே நின்று செய்யச் சொல்வதானாலும், வரிசை இதுதான்.

விளக்கு சுவிட்சையும் இன்ஜினையும் அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பல்ப் ஆறும்வரை காத்திருங்கள். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். விளக்கின் பின்மூடியைத் திறந்து, பல்பின் இணைப்பை எடுத்து, கிளிப்பை விடுவித்து, பல்பை நேராக வெளியே இழுங்கள். புதுப் பல்பை அடிப்பாகத்தில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப்பசை அங்கே ஒட்டிக்கொண்டால், அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போய்விடும். தெரியாமல் பட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். அடிப்பாகத்தில் உள்ள வெட்டு சரியாக உட்கார வேண்டும். பின்மூடியை ரப்பரோடு இறுக்கமாக மூடுங்கள். மூடி சரியாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் இறங்கும், அப்புறம் பாலாஸ்ட் செலவும் சேர்ந்துகொள்ளும்.

விளக்கு எரியும்போது வயரிலோ இணைப்பிலோ கை வைக்கவே கூடாது. அந்த வோல்ட் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். கழற்றிய பழைய பல்பைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பாதரசம் இருக்கலாம். நம் குடியிருப்பின் மின்கழிவுப் பெட்டியில் உடையாமல் சுற்றிப் போடுங்கள்.

இப்போது இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இது காலத்தால் முந்தியது.

என் பல்ப் போன மறுநாள் ஒரு கடைக்குப் போனேன். கார்க் கம்பெனி பல்பின் விலையைக் கேட்டதும் எனக்கு முகம் மாறிவிட்டது. அந்தக் காசில் பத்து ஹாலஜன் பல்ப் வாங்கலாம். கடைத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பையன் காருக்கும் சேத்து ஹெச்.ஐ.டி. கிட்டு போட்டுக்கோங்க. சாதா பல்பை எடுத்துட்டு இதை மாட்டிட்டா பகல் மாதிரி இருக்கும்" என்றார். விலையும் மலிவு. இதே வார்த்தையைப் பத்து வருடத்துக்கு முன்பு வேறொரு கடையில் கேட்டு, என் பழைய காரில் நான் மாட்டியிருந்தேன்.

உண்மையிலேயே பகல் மாதிரி இருந்தது. பெருமையாக ஓட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் இருட்டிய பிறகு, ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஷூ கம்பெனி விட்ட நேரம். ரோட்டோரம் நடந்துவந்த பெண்கள் எல்லோரும் துப்பட்டாவையும் கையையும் கண்ணுக்கு நேரே தூக்கினார்கள். எதற்கென்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், அப்படியே ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்தார். நான் நிறுத்தி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு. டிபன் கேரியர் உருண்டு போயிருந்தது. அவர் திட்டவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டே, "உங்களுக்கு ரோடு தெரியுது சார். எங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார்.

அவர் சொன்னது சரி. ஹாலஜன் விளக்கின் கிண்ணம், ஒரு இழை எந்த இடத்தில் எரியுமோ அதைக் கணக்குப் பண்ணிச் செய்தது. அதே இடத்தில் வேறு வடிவ ஒளியை வைத்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மலிவு எல்.இ.டி. பல்ப் மாட்டினாலும் இதே கதைதான். கம்பெனியிலேயே செனானோடு வரும் காரில் லென்ஸ், வெளிச்சத்தை வெட்டும் தடுப்பு, பின்னால் பாரம் ஏறினால் தானே ஒளியைத் தாழ்த்தும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. கிட்டில் வெறும் பல்பும் பாலாஸ்ட்டும்தான் வரும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 1.5 மீட்டர் என்பது நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர் கண் உயரம்தான். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லாரி, பஸ் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான்.

அந்தக் கிட்டை நான் அன்று இரவே கழற்றிவிட்டேன். இந்தத் தடவை கடைத் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்ப் புத்தகத்தில் உள்ள அதே குறியீட்டில் இரண்டு பல்ப் வாங்கினேன்.

கடைசியாக, செனான் இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம். பல கார்களில் ஸ்டியரிங் பக்கம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்கு. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டி என்று ஊருக்குப் போகும்போது காரின் மூக்கு மேலே தூக்கும், வெளிச்சமும் தூக்கும். அப்போது எண்ணைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஓட்டும்போது 0.

ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு எல்லோரும் அவரவர் காரைப் பேஸ்மென்ட்டின் வெள்ளைச் சுவருக்கு நேரே நிறுத்திப் பார்ப்போம். லோ பீமில் இரண்டு விளக்கும் எரிகிறதா, ஒரே நிறமா, வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் உயரத்துக்குக் கீழே நிற்கிறதா? நமக்கு இடது பக்கம் ஓட்டும் வழக்கம், அதனால் இடது ஓரத்தில் மட்டும் கோடு கொஞ்சம் ஏறும். வலது ஓரத்தில் ஏறினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஒரு காருக்கு மூன்று நிமிடம் போதும். டீ செலவு என்னுடையது.