குதிர் நிறைகிற வயசு

தென்கொரியாவிலே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய நாலு பேர் பெரும்பாலான நாள் காலையிலே சாப்பிடுவதில்லை. மதியம் கவலையில்லை. பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு. சோறு, சூப், கிம்ச்சி என்கிற ஊறுகாய், காய், மீனோ இறைச்சியோ. நல்ல சாப்பாடு.

சிக்கல் சாயங்காலம். பள்ளி முடிந்ததும் டியூஷன். சோல் நகரத்திலே ராத்திரி 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தக் கூடாது என்று விதியே போட வேண்டி வந்தது என்றால் பாருங்களேன்! நடுவிலே பசிக்கும். தெருமுனைக் கடையிலே கப் நூடுல்ஸ். வெந்நீரும் அங்கேயே கிடைக்கும். சில நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடும்.

வயிறு நிறைகிறது. எலும்பு நிறைகிறதா?

அறுவடை மாசத்திலேதான் குதிரிலே நெல்லை நிரப்ப முடியும். அதுபோல எலும்பிலே கால்சியம் வேகமாகச் சேர்கிற வயசு இந்தப் பதின்ம வயசு. கொரியப் பிள்ளைகளுக்கோ கால்சியம்தான் குறைகிறது. பால் குறைவு, உப்பு அதிகம். உப்பு கூடினால் சிறுநீரோடு கால்சியமும் கொஞ்சம் வெளியே போய்விடும். ஆக, வரவும் குறைவு, செலவும் கூடுதல்.

கப் நூடுல்ஸிலே உப்பு நிறைய இருப்பது அந்தச் சாற்றிலேதான். நூடுல்ஸைத் தின்றுவிட்டுச் சாற்றை அப்படியே விட்டுவிட்டால் உப்பு கணிசமாகக் குறையும். பக்கத்துக் குளிர்பெட்டியிலே பாலும் இருக்கிறது. ஆனால் கொரியக் குளிரிலே, சூடான சாற்றை எந்தப் பிள்ளை மிச்சம் வைக்கும்?