பலருக்கு உழைப்பவர்



என் போன்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு எஜமானரும் ஒருவர், சம்பளத் தேதியும் ஒன்று. நம் ஜீவனஹள்ளிப் பிள்ளைகளிற் சிலரோ உத்தியோகத்தை விட்டு, வீட்டிலிருந்தபடியே மூன்று நான்கு கம்பெனிகளுக்குத் தனித்தனி ஒப்பந்தத்தில் கணினி வேலை செய்து தருகின்றனர். நிலையான வேலை போயிற்றே என்று பெற்றோர் கலங்குகின்றனர். என் கலக்கம் வேறு. நாளைக்கு வேலை வருமோ வராதோ என்னும் அச்சத்தால், புதிதாய்ப் புறப்பட்டவர் கேட்டவர்க்கெல்லாம் இசைகின்றனர். ஒரே நாளை இருவருக்கு வாக்களிக்கின்றனர். இருவரும் கைவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு வழியேது?

ரயில்வே குமாஸ்தாவாக இருந்து, பின்னர்ப் பல முதலாளிகளுக்கு உழைத்த ஒருவரை அனைவரும் அறிவீர்கள்: நடிகர் நாகேஷ். 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’, 1965-இல் ‘திருவிளையாடல்’. இடையிலே வேறு படங்களும் பல. இதற்கென்றே சினிமாவில் கால்ஷீட் என்னும் ஏற்பாடு உண்டு. நடிகர் கொடுப்பது நாளின் ஒரு பகுதியை. காலை ஒருவருக்கென்றால், மாலைதான் மற்றவருக்கு. அங்கும் குழப்பம் நேராமலில்லை. ஆயினும் முறை நல்ல முறையே.

எங்கள் இலாகாவின் முறை இதனினும் கண்டிப்பானது. டோக்கன் முறை உள்ள ஒற்றைத் தண்டவாளப் பாதையில், டோக்கன் என்னும் உருண்டை கைக்கு வந்தாலன்றி டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். ஓர் உருண்டை வெளியே இருக்கும்வரை, இரு ஸ்டேஷன் கருவிகளும் மற்றொன்றைத் தரமாட்டா. எதிரே வருவது மெயில் வண்டியே ஆயினும் நின்றுதான் ஆகவேண்டும். புதிய வேலை கொண்டுவருபவரிடமும், “புதன்கிழமைக்குப் பின் எடுக்கிறேன்” என்று முதல் நாளே சொல்லிவிடலாம். அவர் வேறிடம் போனால் போகட்டும். ஏற்ற பின்பு கைவிரிப்பதினும் அது மேல்.

இனிப் பண விஷயம். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு தொழில் சட்டத்தைப் பலர் அறியார். உத்யம் பதிவு பெற்றவர் செய்த வேலையை ஏற்ற உள்நாட்டுக் கம்பெனி, 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. முதல் வேலைக்கு முன்பே செய்துகொள்ளுதல் நன்று.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான் என்று, அவன் ஒருவருக்கு ஒப்புக்கொண்ட நேரத்தில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அனுப்பாதீர்கள்.